பூனைக்கு என்னவென்று சொன்னவர்கள்

பாகூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் "தெரியாது" என்ற சொல்லை ஆண்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மழை ஏன் பெய்யவில்லை, கரும்பில் ஏன் சிவப்பு விழுந்தது, அடுத்த மேர், அதாவது ஊர்த் தலைவர், யார், பிரான்சில் இப்போது என்ன நடக்கிறது என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

இந்தப் பதில்களில் பெரும்பாலானவை என் வீட்டுக்காரரின் அண்ணனுடையவை. எனக்கு அவர் மூத்தார் முறை. வாலிபத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர். ஊருக்குத் திரும்பும்போது பென்சன், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு தொப்பி, ஒரு மெடல் இவற்றைக் கொண்டுவந்தார். கூடவே கொஞ்சம் பிரெஞ்சும் வந்தது. ஊரில் அவரை "சொல்தா வூட்டுக்காரரு" என்பார்கள். பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய். அந்தப் பேருக்காகவே தினமும் மீசையை முறுக்குவார். பிரெஞ்சுக்காரர் திருநாளான ஜூலை பதினாலு வந்தால் மெடலைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் குத்திக்கொண்டு, கொடியேற்றம் பார்க்கப் போவார். மற்ற நாளெல்லாம் கூடத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு உலகத்துக்குத் தீர்ப்பு வழங்குவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர்.

மூத்தார் எதிரில் நான் நிற்கக் கூடாது, அவரோடு பேசவும் கூடாது. அந்த நாளில் அதுதான் வழக்கம். எது சொல்ல வேண்டுமானாலும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் ஓரகத்தியிடம், அதாவது அவர் மனைவியிடம், சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்திருக்கும், இருந்தாலும் அவள் மறுபடியும் சொல்ல வேண்டும். இப்படிப் பல வருடம் அவருடைய பேச்சை நான் கதவிடுக்கு வழியாகக் கேட்டேன். ஒருவரை அற்பர் என்று தெரிந்துகொள்ளக் கதவிடுக்கைவிட நல்ல இடம் இல்லை.

பூனை என்னுடையது. வைக்கோல் வண்டியில் குட்டியாக வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், நெஞ்சு மட்டும் வெள்ளை. நெல் அறையில் எலிகளை அடக்கி வைத்திருந்ததால் வீட்டில் அதை யாரும் விரட்டவில்லை. ராத்திரி என் காலடியில் படுக்கும். என் ஓரகத்திக்கு அதைப் பிடிக்காது. "முடி சோத்துல விழுது" என்பாள். அவளுக்குப் பிடித்தது என்று அந்த வீட்டில் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அவள் நெடுங்காலம் குடித்தனம் செய்திருந்தாள், அவ்வளவுதான்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருடம் முன்னால், பொங்கல் கழிந்து அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பூனை நெல் அறையிலிருந்து கள் குடித்தவன்போல் தள்ளாடி வந்தது. தலை இடது பக்கம் சாய்ந்து, காது ஏறக்குறைய தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலடி வைத்து இடது பக்கமாக விழுந்தது. எழுந்து, இருந்த இடத்திலேயே சுற்றியது. மறுபடியும் விழுந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கண்மணிகள் இரண்டும் நிற்காமல் பக்கவாட்டில் துடித்தன, தறியில் நாடா ஓடுவதுபோல். பார்க்கப் பார்க்க எனக்கே தலை சுற்றியது. என் கையிலிருந்து திமிறி இறங்கி, முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த என் ஓரகத்தியின் காலில் போய் விழுந்தது. விழுகிற பயத்தில் நகத்தால் அவள் காலைப் பற்றிக்கொண்டது. புறங்காலில் நீளமாகக் கீறி ரத்தம் கசிந்தது.

"ஐயோ, இன்னாடி ஆச்சி இதுக்கு?" என்று அவள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

மூத்தார் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். முற்றத்தில் இறங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே பார்த்தார். பார்த்தது ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட இருக்காது.

"இது ராஜ்" என்றார்.

"எந்த ராஜா?" என்றாள் ஓரகத்தி.

"ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. பிரெஞ்சுல ராஜ்னா வெறி. சைகோன்ல எங்க கொமாந்தான் நாய்க்கு இதேதான். சுத்தி சுத்தி விழுந்திச்சி. சுட்டுப் போட்டோம்."

சைகோனில் அந்தப் பட்டாள அதிகாரி கொமாந்தானின் நாய்க்கு வராத நோய் கிடையாது. யாருக்கு என்ன வந்தாலும் அந்த நாய்க்கு அது முன்பே வந்திருக்கும். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோதுகூட அந்த நாய் வந்தது.

அவர் களத்து ஆளைக் கூப்பிட்டு உலக்கை எடுத்துவரச் சொன்னார். நான் பூனையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு நெல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். என் மடியில் அது தலையைச் சாய்த்தபடி மூச்சு வாங்கியது. அதற்கு வெறிதானா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம் என்றும் தோன்றியது, பயமாகவும் இருந்தது. ஆனால் அந்த மனிதர் சொன்னதற்காக அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வெளியே கொஞ்ச நேரம் ஒரே சத்தம். பிறகு சத்தம் அடங்கி, என் ஓரகத்தியின் குரல் மட்டும் கேட்டது. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"பூனைக்கு வெறின்னா, அது பொறாண்டுன எனக்கு இன்னா?"

பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதரிடமிருந்து பதில் இல்லை. அப்புறம், "கழுவிக்கோ" என்றார்.

அன்று மத்தியானமே அவருடைய கட்டில் மாடி அறைக்குப் போனது. கூடவே அவர் தட்டு, செம்பு, சுவர்க் கடிகாரம், தொப்பி எல்லாம் போயின. சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைக்க வேண்டியது நானாம், அவர் மனைவி இல்லையாம். இதையும் அவர் கூடத்தைப் பார்த்துப் பொதுவாகத்தான் சொன்னார். ஓரகத்தி அடுப்படியில் உட்கார்ந்து காலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர்களைத் தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு மஞ்சளைப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் அன்று கரும்புக் கொல்லையிலிருந்து பொழுது சாய்ந்துதான் வந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது, ஆட்கள் போய்ச் சொல்லியிருந்தார்கள். "அண்ணன் இன்னா சொல்லுது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கை கால் கழுவினார். அண்ணி என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. நல்ல உழைப்பாளி, யாரையும் கடிந்து பேசாதவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பேர். யாரையும் கடிந்து பேசாதது நல்ல குணம் என்று நினைக்கிறவர்கள் அப்படி ஒருவரோடு வாழ்ந்து பார்க்க வேண்டும்.

மறுநாள் ஓரகத்தியே ஆள் அனுப்பிப் பக்கத்து ஊர் வைத்தியரை வரவழைத்தாள். மனிதர்களுக்கும் மாட்டுக்கும் சேர்த்துப் பார்க்கிறவர். வந்தவர் அவள் காலை ஐந்தாறு முழ தூரத்திலிருந்து பார்த்தார். பூனையை அதற்கும் தள்ளி நின்று பார்த்தார். நாடி பிடிக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "பூனைக்கு நாடி கண்ணுல" என்றார். கண்ணைப் பார்க்கவாவது கிட்டே வந்தாரா என்றால் அதுவும் இல்லை.

"இது வாதம்" என்றார்.

"அப்போ வெறி இல்லியா?" என்றாள் ஓரகத்தி. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது.

வைத்தியர் மாடியைப் பார்த்தார். சன்னலில் மூத்தார் நின்றிருந்தார்.

"சொல்தா ஐயா சொல்றதும் சரிதான். வாதத்துல வந்த வெறி" என்றார் வைத்தியர்.

பூனையின் காதில் விட ஏதோ எண்ணெய், அவளுக்கு ஒரு சூரணம், உப்பில்லாப் பத்தியம். எண்ணெயைக் காதருகே கொண்டுபோனதுமே பூனை கத்திய கத்தலில் நான் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினேன். சூரணத்தை ஓரகத்தி ஒரு வேளை சாப்பிட்டாள். மறுவேளை கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதையும் சாக்கடையில் கொட்டினாள்.

அதன்பின் முற்றத்தின் நடுவில் வந்து நின்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அக்கம்பக்கம் எல்லோருக்கும் கேட்கும்படி.

"பாண்டியில ஒரு வெள்ளக்கார டாக்டரு இக்கிறாரே, குதிரைக்கும் நாய்க்கும் பாக்குறவரு, உங்க சிநேகிதருன்னு எப்பவும் சொல்லுவீங்களே. இப்ப வாங்க. அவராண்ட போவலாம்."

சன்னல் சாத்திக்கொண்டது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு தலைகள் எட்டிப் பார்த்துவிட்டன. சிநேகிதர் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவர் இப்போது மறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வண்டியில் முன்னால், ஓட்டுகிற தம்பிக்குப் பக்கத்தில், மனைவியிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தார். பின்னால் நானும் ஓரகத்தியும், நடுவில் மூங்கில் கூடையில் பூனை. பூனை என்னைத் தவிர யாரிடமும் இருக்காது என்பதால் என்னைக் கூட்டிப்போனார்கள்.

பாகூரிலிருந்து பாண்டிக்குப் போகிற வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் நிலம், பிறகு மறுபடியும் நம்முடைய பிரெஞ்சு நிலம். சுங்கச் சாவடியில் இங்கிலீஷ் சேவகன் வண்டியை நிறுத்திக் கூடையில் என்ன என்றான். சாராயமோ பட்டோ என்று ஆசையாகத் திறந்தான். பூனை தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது.

"இத பாம்பு தீண்டிக்குது" என்று சொல்லி மூடினான்.

யாரும் அவனைக் கேட்கவில்லை. மூத்தார் அவனிடம், "ராஜ்" என்றார். அவன், "எந்த ராஜா?" என்றான். ஓரகத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் வீடு வெள்ளைக்காரர் தெருவில் இருந்தது. பின்கட்டில் குதிரை வாசனை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்த அந்த வயதான பிரெஞ்சுக்காரர் மூத்தாரை யாரென்றே தெரியாமல் பார்த்தார். சிநேகிதம் அவ்வளவுதான். மூத்தார் காலை ஒட்டி வைத்து சலாம் அடித்தார். பூனையைக் காட்டி, "ராஜ், மோன் தொக்தேர், ராஜ்" என்றார்.

டாக்டர் பூனையை வெறும் கையால் தூக்கினார். அதைப் பார்த்ததும் ஓரகத்தி என் கையைப் பிடித்தாள். மேசையில் வைத்து, கண்ணெதிரே விரலை ஆட்டிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். சின்னப் புனல் மாதிரி ஒன்றைக் காதில் வைத்து உள்ளே பார்த்தார். தரையில் விட்டு அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு தட்டில் பால் வைத்தார். பூனை தலையைச் சாய்த்தபடியே, பாதி சிந்திப் பாதி குடித்தது. அதுவரை அந்தப் பூனையைப் பார்த்த ஆண்களில் பேசாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பிறகு மூத்தாரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

எனக்குப் பிரெஞ்சு தெரியும். எங்கள் நைனா பாண்டியில் எழுத்தர் வேலையில் இருந்தபோது என்னைக் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கலியாணம் ஆகும்வரை அங்கே படித்தேன். இது என் புகுந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பொம்பிளைகள் படித்த பிரெஞ்சு ஜபம் சொல்லத்தான் ஆகும் என்று மூத்தார் ஒருமுறை தீர்ப்புச் சொல்லிவிட்டதால் யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் சொன்னது இது: காதுக்குள் ஏதாவது இருக்கலாம், மூளையில் இருக்கலாம், எது என்று எனக்குத் தெரியவில்லை. சில பூனைகள் தானாகத் தேறும். சிலது இப்படியே இருந்துவிடும். சிலது செத்துப்போகும். உயரத்தில் ஏற விடாதீர்கள். சாப்பிட வையுங்கள். காத்திருங்கள்.

மூத்தார் எல்லாவற்றுக்கும் "உய், உய்", ஆமாம் ஆமாம், என்று தலையாட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மூளை அழுகிப்போச்சாம். வெறிதானாம். இன்னிக்கே கொன்னுடணுமாம்."

அவர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பட்டாளத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நில், நட, துடை, கொண்டுவா என்பதுதான் போலிருக்கிறது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல முடியாமல், வீட்டில் ஏற்கெனவே சொன்னதையே டாக்டர் வாயில் வைத்துச் சொன்னார்.

ஓரகத்தி கணவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அடுத்து அவளைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கிளம்பத் தயாராகிவிட்டார்.

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. சிறுவயதில் மனப்பாடம் சொன்ன அதே ராகத்தில் வார்த்தைகள் வந்தன.

"முசியே, இந்த அம்மாளின் காலில் இந்தப் பூனை கீறியிருக்கிறது. இதற்கு வெறி என்கிறார்கள். இவருக்கு என்ன செய்ய வேண்டும்?"

டாக்டர் அதற்கு முன் எங்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தார். ஓரகத்தியை நாற்காலியில் உட்காரச் சொல்லிக் குனிந்து காலைப் பார்த்தார். கீறி எத்தனை நாள் என்று கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: வெறி பிடித்த பூனை இப்படிப் பால் குடிக்காது. இது வெறி இல்லை, கிட்டத்தட்ட நிச்சயம். வயிற்றில் போடுகிற ஊசிகள் இருக்கின்றன, நிறையப் போட வேண்டும், வலிக்கும், இப்போது வேண்டாம். இன்னும் ஒரு வாரம் பூனை உயிரோடு இருந்தால் இந்த அம்மாள் பயப்படவே வேண்டியதில்லை. அதற்குள் செத்தால், சோதித்துப் பார்க்க அதன் தலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள்.

அதை அவர் தக்காளிக்கு விலை சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். கிட்டத்தட்ட நிச்சயமாம்! இதைக் கேட்கவா மாடுகளை இவ்வளவு தூரம் ஓட்டி வந்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சுவர் நிறையப் புத்தகம், மேசை நிறையக் கருவி, ஒரு பூனையின் காதுக்குள் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அவரையும் நான் மற்றவர்களோடுதான் சேர்த்தேன்.

"இன்னாடி சொல்றாரு? அவரு சொன்னதத்தான் சொல்றாரா?" என்றாள் ஓரகத்தி.

"இல்லக்கா. வெறி இல்லன்னு தோணுதாம். பூனை ஒரு வாரம் பொழைச்சிருந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லியாம். அதக் கொல்லக் கூடாதாம்."

செத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். மறைக்க எனக்கு மனமில்லை. அவளிடம் எல்லோரும் மறைத்தே வந்திருந்தார்கள்.

டாக்டர் மரியாதைக்காக மூத்தாரிடம் திரும்பி, எந்தப் பட்டாளத்தில் இருந்தீர்கள் என்று கேட்டார்.

"உய், மோன் தொக்தேர்" என்றார் மூத்தார்.

திரும்பி வரும்போது வண்டி அரியாங்குப்பம் தாண்டியபிறகு மூத்தார் தம்பியிடம், "உன் பொண்டாட்டி அந்நிய ஆம்பிளையாண்ட வாயத் தொறந்து பேசுறா. நானு பக்கத்துல நிக்கிறேன். இன்னாடா இது?" என்றார்.

என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்து, "ஹை, ஹை" என்றார்.

"என்னப் பத்தி நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா அவராண்ட?" என்றாள் ஓரகத்தி பின்னாலிருந்து.

மூத்தார் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வந்ததும் நேரே மாடிக்குப் போனார். டாக்டர் வெறி இல்லை என்று சொன்னதை அவர் நம்பினாரா என்றால், கட்டில் கீழே வரவில்லை. படுக்கப் போகும்போது என் வீட்டுக்காரர் என்னிடம், "நீ அங்க பேசியிருக்க வேணாம்" என்றார். நான் விளக்கை ஊதி அணைத்தேன்.

அந்த ஒரு வாரத்தை நான் மறக்கவில்லை. பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்காத என் ஓரகத்தி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நெல் அறையில் தரையில் வைக்கோல் பரப்பி, சுவரோரம் அது மோதிக்கொள்ளாமல் பழைய சாக்குகளை மடித்து வைத்தாள். கெண்டை மீனை வேகவைத்து முள் எடுத்து விரலால் ஊட்டினாள். அது சாய்ந்து விழுந்தால் தன் முழங்காலை முட்டுக் கொடுத்தாள். "துன்னு, கண்ணு. துன்னுடி. நீ துன்னாதான் நானு" என்பாள். எனக்குப் பல தடவை கண் கலங்கியது, ஆனால் அவள் எதிரில் அழ எனக்குத் துணிவு வரவில்லை.

ஊருக்கு இது கூத்தாக இருந்தது. பாலுக்கு வந்தவள், மோருக்கு வந்தவள், கடப்பாரை இரவல் கேட்க வந்தவன், எல்லோரும் வேலிக்கு வெளியே நின்று எங்கள் முற்றத்தை எட்டிப் பார்த்தார்கள். மனைவிக்கும் வெறி வரும் என்று மூத்தார் மாடி சன்னலிலிருந்தே அவர்களுக்குச் சொல்லியிருந்தார். வெறி வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் பயப்படுவார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். அவள் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நிற்கும். திரும்பினால் மறுபடியும் தொடங்கும். அவர்களில் சிலருக்கு அவள் பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறாள், சிலருக்குக் கல்யாணச் சமையல் செய்து போட்டிருக்கிறாள். இப்போது அவள் எப்போது குரைப்பாள் என்று பார்க்க வந்திருந்தார்கள்.

ஒரு நாள் அவள் கிணற்றில் ஒரு குடம் இறைத்தாள். செம்பில் மொண்டுகொண்டு வேலியருகில் போய் நின்றாள். எல்லோரும் பின்வாங்கினார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பாத்துட்டீங்களா? போங்கடி, போயி அடுப்பப் பாருங்க."

போனார்கள். ஆனால் உள்ளே வந்ததும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி எறங்கும்போது தொண்ட அடைக்குற மாதிரி இந்திச்சிடி. நெசமா அடைக்குதா, பயத்துல அடைக்குதா?"

"தெரியலக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நீயாச்சும் அதச் சொன்னியே" என்று சொல்லிவிட்டுத் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் எத்தனையோ வருடம் இருந்தும் அவள் இப்படி என்மேல் சாய்ந்தது அன்றுதான்.

வாரத்தின் நடுவில் பூனை ஒரு நாள் ஒன்றும் தின்னவில்லை. சுருண்டு படுத்தே கிடந்தது. ஓரகத்தி அன்று குளிக்கவில்லை, சமைக்கவில்லை. பூனையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடு பார்க்கிற ஆளிடம் வண்டி தயாராக இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். ஒரு துணியையும் எடுத்து வைத்தேன், எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் பூனை எழுந்து, தள்ளாடி, அவள் மடியில் ஏறப் பார்த்து விழுந்து, மறுபடியும் ஏறியது. கொஞ்சம் மீன் தின்றது. அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

ஒரு வாரம் முடிந்தது. பூனை சாகவில்லை. கண் துடிப்பு நின்றிருந்தது. தலைச் சாய்வு மட்டும் மாறவில்லை, ஆனால் விழாமல் நடந்தது. அன்று காலையில் ஓரகத்தி எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு உப்பும் புளியும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

குழம்பு வாசனை மாடிக்குப் போயிருக்க வேண்டும். மூத்தார் இறங்கி வந்தார். பூனையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேனே, வெறியா இக்காதுன்னு. சைகோன்ல எங்க கொமாந்தான் நாய்க்கும் இப்பிடித்தான். காதுல பூச்சி. ஒரு வாரத்துல சரியாப்பூடுச்சி."

அந்த நாய் செத்து, பிழைத்தும்விட்டது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தான் சொல்வதை அவரே நம்பினார். களத்து ஆளைக் கூப்பிட்டு, "கட்டில எறக்கி கூடத்துல போடு" என்றார்.

"எறக்க வேணாம்" என்றாள் ஓரகத்தி. அடுப்படியிலிருந்து எழுந்துகூட வரவில்லை. "கட்டிலு அங்கியே இக்கட்டும். சாப்பாடு படியில வரும்."

களத்து ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். மூத்தார் தம்பியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஏர் பூட்டுகிற கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூத்தார் படியேறினார். அவர் சாகிறவரை அந்தக் கட்டில் மாடியிலேயே இருந்தது. சாப்பாடு வேளை தவறாமல் படிக்குப் போனது. அவளும் அவரும் அதற்குப் பிறகு தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. ஊரில் அதைப் பூனை வைத்த சூனியம் என்றார்கள்.

பூனை பிழைத்ததற்கு ஊரில் பங்கு கேட்டவர்கள் பலர். வைத்தியர் தன் எண்ணெயால்தான் என்றார். நான் அதைச் சாக்கடையில் ஊற்றியதைச் சொன்னபோது, "வாசனை பட்டிருக்கும், அதுவே போதும்" என்றார். மூத்தார் தன் சிநேகிதரான டாக்டரால்தான் என்றார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நெல் அறைச் சன்னல் திண்டிலிருந்து பூனை விழாமல் இருக்க மூங்கில் பிளந்து ஒரு தடுப்புக் கட்டியிருந்தார். எப்போது கட்டினார் என்று தெரியாது. பூனைக்குத் தடுப்புக் கட்ட வந்த துணிச்சல் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச வரவில்லை. அதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

பூனை அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது. எலி பிடிக்கப் பாய்ந்தால் ஒரு சாண் தள்ளி விழும். எலிகளுக்கும் இது பழகிவிட்டது. பாதி நாள் ஓரகத்தியின் காலடியில், பாதி நாள் என் காலடியில் படுக்கும். சில நாள் காலையில் மறுபடியும் கொஞ்சம் தள்ளாடும். அன்றெல்லாம் நாங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். ஏன் வந்தது, ஏன் போனது, மறுபடியும் வருமா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கலாம் என்று ஒருமுறை ஆள் அனுப்பினேன். அந்த டாக்டரை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அவருக்கும் தெரிந்திருக்காது. தெரியாது என்று மறுபடியும் சொல்லியிருப்பார், அதைக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

கடைசியில் மூப்பில் செத்தது. கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தோம். குழி வெட்டியவன் மண்ணைத் தள்ளிக்கொண்டே, "இதுக்குக் கழுத்துல சுளுக்கு, அதான்" என்றான். ஓரகத்தி அவனைப் பார்த்த பார்வையில் மீதி மண்ணைச் சத்தம் போடாமல் தள்ளினான்.